பழைய வீட்டு கிரால் ஸ்பேஸ்ல ஈரமும் வாடையும்: டீஹியூமிடிஃபையர் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

வீட்டுத் தரைக்கும் கீழ இருக்குற மண்ணுக்கும் நடுவுல ரெண்டடி மூணடி உயரத்துக்கு ஒரு இடம் இருக்கும், நிக்க முடியாது, தவழ்ந்துதான் போகணும், அதைத்தான் கிரால் ஸ்பேஸ்னு சொல்றோம். தண்ணி பைப்பு, வயரிங், ஏசி டக்ட் எல்லாம் அதுக்குள்ளதான் ஓடும். பழைய வீடுன்னா பெரும்பாலும் வெறும் மண்தரை, சுத்தி செங்கல் இல்லைனா கருங்கல் சுவர், அங்கங்க காத்து போக வெண்ட். அங்க ஓதம் ஏறுச்சுன்னா மேல வாடை வரும், மரத்தரை வளையும், தரையைத் தாங்குற மரச்சட்டத்துல பூஞ்சை படரும், உடனே எல்லாரும் டீஹியூமிடிஃபையர், அதாவது காத்துல இருக்குற ஈரத்தை இழுக்குற மெஷின், தேட ஆரம்பிச்சிடுறோம். முதல்லயே சொல்லிடுறேன், மெஷின் கடைசி வேலை. தேங்குற தண்ணி, மண்ணுலருந்து வர்ற ஆவி, வெளிக்காத்து, இந்த மூணையும் அடைச்ச பிறகுதான் மெஷின். வரிசை மாறிப்போச்சுன்னா மெஷின் ராப்பகலா ஓடும், ஈரம் அப்படியே இருக்கும், கரண்ட் பில் மட்டும் ஏறும்.

மேல வீட்டுக்குள்ள எல்லாம் நல்லாத்தானே இருக்கு, கீழ ஈரமா இருந்தா என்ன போச்சு?

கீழ இருக்குற காத்து கீழயே நிக்காது. வீட்டுக்குள்ள சூடான காத்து மேல ஏறி மாடி, கூரை வழியா வெளிய போகும், அந்த இடத்தை நிரப்ப கீழருந்து காத்து இழுபடும். பைப்பு போற ஓட்டை, வயர் ஓட்டை, பலகை இடுக்கு, பாத்டப் அடியில வெட்டி விட்ட பெரிய ஓட்டை எல்லாம் அதுக்கு வழி. அதனால கீழ இருக்குற பூஞ்சை வாடையையும் ஈரத்தையும் நீங்க மேல மூச்சுல இழுக்குறீங்க. குழந்தைக்கு ஆஸ்துமா, அலர்ஜி இருக்குற வீட்டுல இதை தள்ளிப் போடவே கூடாது.

அடுத்தது மரம். மரம் சுத்தி இருக்குற காத்துக்கு ஏத்தமாதிரி ஈரத்தை இழுத்து வச்சுக்கும். காத்துல 50% ஹியூமிடிட்டி (ஈரப்பதம்) இருந்தா மரத்துக்குள்ள சுமார் 9% ஈரம், 80% இருந்தா 16%, 90% இருந்தா 20% கிட்ட போயிடும். 20% தாண்டி ரொம்ப நாள் இருந்தா ஆபத்து, 28% பக்கம் போச்சுன்னா மரத்தை மக்க வைக்குற பூஞ்சைக்கு நல்ல வாழ்வுதான். உங்க வீடே அந்த சட்டம் மேலதான் நிக்குது.

எவ்வளவு ஹியூமிடிட்டி இருக்கலாம்?

50-லருந்து 55% நல்ல குறி. 60% தாண்டாம பாத்துக்கோங்க. 70% தாண்டி வாரக்கணக்கா நின்னா மேற்பரப்புல பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். 40%க்கு கீழ இறக்க வேண்டிய அவசியமே இல்ல, பழைய மரத்துக்கு அது கெடுதல்தான், அதை கீழ தனியா சொல்றேன்.

எப்படி அளக்குறது? மீட்டரை நம்பலாமா?

ரிமோட் சென்சார் உள்ள சின்ன ஹைக்ரோமீட்டர், அதாவது காத்தோட ஈரப்பதத்தை அளக்குற மீட்டர், போதும், ஆனா ஒண்ணு பத்தாது, குறைஞ்சது ரெண்டு. ஒண்ணு உள்ள நுழையுற வாசல் பக்கம், இன்னொண்ணு தூரத்து மூலையில, அதாவது காத்து அசையாத இடத்துல. மூணாவது ஒண்ணு வீட்டுக்கு வெளிய நிழல்ல இருந்தா ரொம்ப உபயோகம், ஏன்னா உள்ள ஏறுற ஈரம் வெளிக்காத்தோட சேர்ந்து ஏறுதா, மழை பெஞ்சா மட்டும் ஏறுதா, இல்ல எப்பவுமே ஒரே மாதிரி நிக்குதான்னு ஒப்பிட்டுப் பாத்தாலே பாதி நோய் தெரிஞ்சிடும்.

மீட்டர் சரியான்னு பாக்க ஒரு பழைய வழி இருக்கு. ஒரு பாட்டில் மூடியில சாதா உப்பு போட்டு, உப்பு கரையாம ஈர மணல் மாதிரி ஆகுற அளவுக்கு சில சொட்டு தண்ணி விடுங்க. அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவர்க்குள்ள வச்சு நல்லா மூடி, உப்புத்தண்ணி மீட்டர் மேல படாம பாத்துக்கிட்டு, ஒரு ராத்திரி முழுக்க விட்டுடுங்க. உள்ள காத்து 75%ல வந்து நிக்கும். மீட்டர் 70 காட்டுச்சுன்னா அது 5 கம்மியா காட்டுதுன்னு அர்த்தம், ஒரு பேப்பர்ல எழுதி மீட்டர் பின்னாடி ஒட்டிடுங்க.

காத்தை மட்டும் அளந்தா பாதி கதைதான். ரெண்டு ஊசி வச்ச மாய்ஸ்ச்சர் மீட்டரை சட்டத்துல குத்திப் பாருங்க, அதுவும் சுவர்ல போய் உக்காந்திருக்குற சட்டத்தோட முனையிலயும், பாத்ரூம் அடியிலயும். நடுவுல 13% காட்டுற அதே சட்டம் முனையில 22% காட்டும். ஆபத்து அந்த முனையிலதான்.

வெண்ட் எல்லாத்தையும் நல்லா திறந்துவிட்டா காத்தோட்டத்துல தானா காய்ஞ்சிடாதா?

ரொம்ப காலமா இதைத்தான் சொல்லிட்டு வந்தாங்க, கட்டட விதியிலயும் அப்படித்தான் எழுதி வச்சிருந்தாங்க, அமெரிக்காவுல 150 சதுர அடி தரைக்கு 1 சதுர அடி வெண்ட்னு கணக்கே உண்டு. வறண்ட ஊர்ல, குளிர் காலத்துல இது ஓரளவு நடக்கும். ஆனா புழுக்கமான வெயில் காலத்துல இது தலைகீழா வேலை செய்யுது.

கணக்கா பாருங்க. வெளிய 30 டிகிரி, ஹியூமிடிட்டி 60%. கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்தக் காத்து வெண்ட் வழியா உள்ள வருது, கிரால் ஸ்பேஸ் மண்ணோட குளிர்ச்சியில 22 டிகிரில இருக்கு. காத்துல இருக்குற தண்ணி அதேதான், ஆனா குளிர்ந்த காத்தால அவ்வளவு தண்ணியைத் தாங்க முடியாது, அதனால அதே காத்து உள்ள வந்ததும் சுமார் 96% ஆயிடுது. ஒரு சொட்டு தண்ணிகூட புதுசா சேரல, வெறும் குளிர்ந்ததுக்கே இவ்வளவு. வெளிய 30 டிகிரி 70%ன்னா அதோட டியூ பாயிண்ட், அதாவது காத்து எந்த அளவுக்கு குளிர்ந்தா தண்ணியா மாற ஆரம்பிக்குமோ அந்த வெப்பம், 24 டிகிரி, அப்ப 22 டிகிரி இருக்குற கல்லு, பைப்பு, ஏசி டக்ட் எல்லாத்து மேலயும் தண்ணி வேர்த்து கொட்டும், ஃபிரிட்ஜ்லருந்து எடுத்து வச்ச பாட்டில் மாதிரி. வெயில் காலத்துல நல்ல காத்தோட்டம்னு நெனச்சு வெண்ட்டை திறக்குறவங்க ஈரத்தை கூப்பிட்டு உள்ள விடுறாங்க.

வெண்ட் திறந்திருக்கும்போது டீஹியூமிடிஃபையர் ஓட்டுனா அது ஊர்க்காத்தை எல்லாம் காய வைக்கப் பாக்குது. அதனால ரெண்டுல ஒண்ணு, வெண்ட்டா மெஷினான்னு முடிவு பண்ணுங்க.

ஈரம் எங்கருந்து வருதுன்னே தெரியலையே, எங்க ஆரம்பிக்குறது?

மழை பெய்யும்போது வெளிய ஒரு சுத்து சுத்திப் பாருங்க, நனைஞ்சாலும் பரவால்ல. கூரை கட்டர் (கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடுற வாய்க்கால்) நிரம்பி வழியுதா, கீழ இறங்குற குழாய் சுவர் ஓரத்துலயே தண்ணியைக் கொட்டுதா, மண்ணு வாட்டம் வீட்டைப் பாத்து இருக்கா வெளியப் பாத்து இருக்கான்னு. கூரைத் தண்ணியை வீட்டை விட்டு ஆறடியாவது தள்ளி விடணும். மண்ணு வாட்டம் முதல் பத்தடிக்கு அரையடி வெளிப்பக்கமா இறங்கணும். பழைய வீடுகள்ல வருஷக்கணக்கா பூச்செடிக்கு மண்ணு போட்டு போட்டு சுவர் ஓரம் மேடாகி, வீட்டுப் பக்கம் சாய்ஞ்சிருக்கும், சில இடத்துல வெண்ட்டே மண்ணுக்குக் கீழ போயிருக்கும். இதை சரி பண்ணாம உள்ள எவ்வளவு செஞ்சாலும் வீண்.

அப்புறம் டார்ச் எடுத்துட்டு உள்ள போங்க. துணி காய வைக்குற டிரையர் குழாய் கழண்டு உள்ளயே விழுந்திருக்கான்னு முதல்ல பாருங்க, ஒவ்வொரு லோடுக்கும் லிட்டர் கணக்குல தண்ணி ஆவியா உள்ள போகும். ஏசியிலருந்து சொட்டுற தண்ணியை எடுத்துட்டுப் போற கண்டன்சேட் குழாயை மண்ணுல விட்டிருக்காங்களா, டாய்லெட் அடியில பலகை கறுத்திருக்கா, பழைய இரும்பு டிரெயின் பைப்புல விரிசல் இருக்கா. கறுத்த மரத்துல ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்துங்க. நல்ல மரம்னா முனை வழுக்கி நிக்கும், மக்குன மரம்னா அரை இஞ்ச் உள்ள போயிடும், வெளிய எடுத்தா சின்னச் சின்ன கட்டங்களா பொடிப்பொடியா உதிரும். அப்படி இருந்தா அது டீஹியூமிடிஃபையர் கேள்வியே இல்ல, தச்சு வேலை தெரிஞ்சவங்களோ கட்டட இன்ஜினியரோ வந்து பாக்கணும்.

சுவர்ல வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்தா உடனே பூஞ்சைன்னு பயப்பட வேண்டாம். கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க, கரைஞ்சு காணாமப் போச்சுன்னா அது உப்பு பூத்தது, சுவருக்குள்ள தண்ணி நடமாடுதுன்னு அர்த்தம். கரையலைனா பூஞ்சையா இருக்கலாம்.

மண்ணுலருந்து வருதா காத்துலருந்து வருதான்னு பிரிக்க ரெண்டடிக்கு ரெண்டடி பிளாஸ்டிக் துண்டு ஒண்ணை மண்ணு மேல விரிச்சு ஓரத்தை கல்லு வச்சு அமுக்கி ரெண்டு நாள் விடுங்க. அடிப்பக்கம் சொட்டு சொட்டா தண்ணி நின்னா மண்ணு ஆவி விடுது. மேல்பக்கம் நனைஞ்சிருந்தா வெளிக்காத்து உள்ள வந்து வேர்க்குது. ரெண்டு பக்கமும் நனைஞ்சிருந்தா ரெண்டும்தான், பழைய வீட்டுல பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

மண்ணு மேல பிளாஸ்டிக் ஷீட் அவசியமா? மண்ணு பாக்க காய்ஞ்சுதான் இருக்கு.

அவசியம், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. மேல ஒரு இஞ்ச் பொடியா காய்ஞ்சிருக்கும், ஏன்னா அதுல இருந்த தண்ணி ஏற்கனவே உங்க சட்டத்துக்குள்ள போயிடுச்சு, அடியிலருந்து தொடர்ந்து ஏறிட்டேதான் இருக்கும். குறைஞ்சது 6 மில், அதாவது 0.15 மி.மீ. கனமான பாலித்தீன். ஆனா அது மேல ரெண்டு தடவை தவழ்ந்தா கிழிஞ்சிடும், 12 மில்லுக்கு மேல வாங்குறது நல்லது, உள்ள இழை வச்ச ஷீட்டுன்னா இன்னும் நல்லது. ஒரு ஷீட் மேல இன்னொண்ணு குறைஞ்சது அரையடி ஏறணும், அதுக்குன்னு இருக்குற டேப் போட்டு ஒட்டணும், சுவர்ல அரையடியாவது ஏத்தி முடிக்கணும், தூணைச் சுத்தியும் அப்படியே. விரிக்கிறதுக்கு முன்னாடி கூரான கல்லு, பழைய மரத்துண்டு, அட்டை எல்லாத்தையும் பொறுக்கி வெளிய போடுங்க, அடியில மாட்டுன மரமும் அட்டையும் கரையானுக்கு விருந்து.

மழைக்கு தண்ணி தேங்குற கிரால் ஸ்பேஸ்ல ஷீட் போட்டா தண்ணி ஷீட் மேலயோ அடியிலயோ நிக்கத்தான் செய்யும். அங்க முதல்ல சுத்தி ஒரு வாய்க்கால், தாழ்ந்த இடத்துல தண்ணி வந்து சேர்ற சம்ப் குழி, அதை வெளிய இறைக்க பம்ப்.

வெண்ட்டை நானே அடைச்சிடலாமா?

அடைக்குறது சுலபம், பலகை, ஃபோம், இடுக்கை அடைக்குற கோல்க் பசை போதும். ஆனா அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது சிலது உயிர் விஷயம், தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க.

கீழ கேஸ் வாட்டர் ஹீட்டரோ ஃபர்னேஸோ இருக்கா? சாதா புகைக்குழாய் வச்ச பழைய மாடலுக்கு எரியுறதுக்கு காத்து அந்த வெண்ட் வழியாத்தான் வருது. அடைச்சீங்கன்னா புகை குழாய்ல மேல போகாம உள்ளயே திரும்பும், அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதுக்கு வாடையும் கிடையாது. கேஸ் வேலை தெரிஞ்ச லைசன்ஸ் உள்ளவர் பாத்துட்டு, வெளிக்காத்தை நேரா குழாய்ல இழுக்குற மாடலுக்கு மாத்தின பிறகுதான் அடைக்கணும். வீட்டுல கார்பன் மோனாக்சைடு அலாரம் எப்படியும் வேணும்.

ரேடான் இன்னொண்ணு. மண்ணுலருந்து வர்ற கதிரியக்க வாயு, நுரையீரல் புற்றுநோய்க்கு காரணம், இடத்துக்கு இடம் ரொம்ப மாறும், பக்கத்து வீட்டுல இல்லைனா உங்க வீட்டுல இல்லைன்னு சொல்ல முடியாது. அடைக்குறதுக்கு முன்னயும் பின்னயும் டெஸ்ட் கிட் வச்சுப் பாருங்க. அதிகமா இருந்தா ஷீட்டுக்கு அடியிலருந்து குழாயும் ஃபேனும் வச்சு கூரைக்கு மேல வெளிய தள்ளணும். டீஹியூமிடிஃபையர் ரேடானுக்கு ஒண்ணும் பண்ணாது.

கரையான் இருக்குற ஊர்ல, சுவர் மேல ஷீட்டோ இன்சுலேஷனோ ஏத்தும்போது மேல மரத்தைத் தொடாம மூணு இஞ்ச் வெறும் சுவரை விட்டு வைக்கணும், கரையான் மண்பாதை கட்டி ஏறுனா கண்ணுல படுறதுக்கு.

எத்தனை லிட்டர் மெஷின் வாங்கணும்?

அமெரிக்க குடியிருப்புக் கட்டட விதியில, அடைச்ச கிரால் ஸ்பேஸுக்கு ஒவ்வொரு 1000 சதுர அடிக்கும் நாளுக்கு 70 பைண்ட், அதாவது 33 லிட்டர் எடுக்குற அளவு வேணும்னு இருக்கு. ஆரம்பிக்க அது நல்ல கணக்கு. ஷீட்டும் அடைப்பும் ஒழுங்கா பண்ணியிருந்தா மெஷின் அந்த முழு அளவுக்கு ஓட வேண்டியே வராது, முதல் சில வாரம் மரத்துல ஊறினதை இழுக்கும்போது மட்டும்தான்.

பெட்டி மேல எழுதியிருக்குற நம்பர்ல ஒரு சூட்சுமம். அந்த நம்பர் எந்த வெப்பத்துல அளந்ததுன்னு பாக்கணும். சூடான ஈரக்காத்துல மெஷின் நிறைய தண்ணி எடுக்கும், குளிர்ச்சியில கம்மியாத்தான் எடுக்கும். அமெரிக்காவுல முன்னாடி எல்லாத்தையும் சுமார் 27 டிகிரில அளந்தாங்க, 2019-லருந்து தூக்கிட்டுப் போற மெஷினை எல்லாம் சுமார் 18 டிகிரில அளக்கணும்னு மாத்திட்டாங்க, அதனால அதே மெஷின் 70 பைண்ட்லருந்து 50 பைண்ட்டா பேர் மாறிடுச்சு. மெஷின் மட்டமாகல, நம்பர்தான் உண்மைக்கு பக்கத்துல வந்திருக்கு. 30 டிகிரி 80%ல அளந்த நம்பரை பெட்டி மேல பெருசா போட்டு விக்குற மாடலும் உண்டு, அதை அப்படியே நம்பி வாங்குனா உங்க 18 டிகிரி கிரால் ஸ்பேஸ்ல அதுல பாதிகூட கிடைக்காது.

ரூம்ல வைக்குற சாதா டீஹியூமிடிஃபையரை கீழ வச்சா போதாதா?

தற்காலிகமா வைக்கலாம், சின்ன இடம்னா ஓடவும் ஓடும். ஆனா கஷ்டம் என்னன்னா, மெஷினுக்குள்ள ஒரு குளிர்ந்த காயில் இருக்கு, காத்து அதுல பட்டு தண்ணி சொட்டும், அப்புறம் சூடான காயில் வழியா வெளிய வரும். சுத்தி இருக்குற காத்தே 15 டிகிரிக்கு கீழ போனா சாதா மெஷின்ல குளிர்ந்த காயில் மேல பனிக்கட்டி பிடிக்கும், காத்து போகாது, தண்ணி வராது, கம்ப்ரஸர் மட்டும் ஓடிட்டே இருக்கும். கிரால் ஸ்பேஸுக்குன்னே வர்ற மெஷின்ல பனியை தானா உருக்குற ஏற்பாடு இருக்கும், குள்ளமா படுத்த மாதிரி இருக்கும், காத்தை தூரத்துக்கு தள்ளுற ஃபேன், டக்ட் மாட்ட வாய், ஒழுங்கான ஃபில்டர். இன்னும் குளிரான இடத்துக்கு டெசிக்கன்ட் வகை, அதாவது ஈரத்தை உறிஞ்சுற பொருள் வச்ச மெஷின், இருக்கு, அது குளிர்லயும் வேலை செய்யும், ஆனா உள்ள ஹீட்டர் இருக்குறதால கரண்ட் அதிகமா இழுக்கும்.

தொட்டியில தண்ணி சேர்ற மாடலை கீழ வச்சுட்டு தினமும் தவழ்ந்து போய் கொட்டப் போறதா நெனச்சீங்கன்னா வேண்டாம், ஒரு வாரத்துல விட்டுடுவீங்க, யாரா இருந்தாலும் அப்படித்தான். தொட்டி நிரம்பினதும் மெஷின் தானா நின்னுடும், நீங்க ஓடுதுன்னு நெனச்சுட்டிருப்பீங்க.

எடுக்குற தண்ணி எங்க போகணும்?

வீட்டுக்கு வெளிய இல்லைனா டிரெயின் லைன்ல. மண்ணுல மட்டும் விடக்கூடாது, எடுத்த தண்ணியை திரும்ப அங்கயே ஊத்துற கதை ஆயிடும். ஹோஸ் தானா வழியுற மாதிரி வாட்டம் கிடைச்சா அதுதான் சிறந்தது, ஓடுற பாகம் எதுவும் இல்ல, கெட்டுப்போக ஒண்ணும் இல்ல. ஹோஸ் நடுவுல தொங்கி வளைஞ்சா அங்க தண்ணி நின்னு பாசி கட்டி அடைக்கும், அதனால கிளிப் போட்டு நேரா இழுத்துக் கட்டுங்க. வாட்டம் கிடைக்கலைனா இந்தத் தண்ணியை மேல ஏத்தி வெளிய தள்ளுற கண்டன்சேட் பம்ப். பம்ப்ல தண்ணி மட்டம் ஏறினா மிதந்து மாறுற ஒரு பாதுகாப்பு ஃப்ளோட் சுவிட்ச் இருக்கும், அந்த ரெண்டு வயரை மெஷினோட சேத்து விட்டா பம்ப் கெட்டா மெஷினும் நின்னுடும். நிறைய பேர் இதை மாட்டாம விட்டுடுறாங்க. டிரெயின் லைன்ல சேக்கும்போது நடுவுல டிராப் (தண்ணி நின்னு வாடையைத் தடுக்குற வளைவு) வேணும், இல்லைனா கழிவு வாடை உள்ள வரும். பனி உறையுற ஊர்னா வெளிய நீட்டுற ஹோஸ் முனை உறைஞ்சு அடைக்கும், அதையும் யோசிச்சு வைங்க.

எங்க வைக்கணும், எவ்வளவுல செட் பண்ணணும்?

முடிஞ்சவரை நடுவுல, நாலு பக்கமும் காத்து போக இடம் விட்டு, தரைமட்டத்தை விட்டு ஒரு செங்கல் உயரமாவது தூக்கி, லெவல் பாத்து வைங்க, சாய்ஞ்சா தண்ணி டிரெயினுக்குப் போகாம உள்ளயே வழியும். கிளீன் பண்ண நீங்க போய் சேரக்கூடிய இடமாவும் இருக்கணும். குறுக்கு சுவர் வச்சு அறை அறையா பிரிச்ச கிரால் ஸ்பேஸ்னா ஒவ்வொண்ணுக்கும் காத்து போக வழி வேணும், ஒரு சின்ன ஃபேனோ டக்ட்டோ வச்சா போதும்.

செட்டிங் 50-லருந்து 55. மெஷின்ல இருக்குற சென்சார் மெஷின் பக்கத்துக் காத்தைத்தான் பாக்கும், அதனால தூரத்து மூலையில இருக்குற உங்க மீட்டர் 55 காட்டுற மாதிரி மெஷினை ஏத்தி இறக்கி வைங்க. கரண்ட்டுக்கு எர்த் பாதுகாப்பு உள்ள பிளக் பாயிண்ட் எலக்ட்ரீஷியனை வச்சுப் போடுங்க, ஈரமான இடத்துல எக்ஸ்டென்ஷன் கார்டு வேண்டவே வேண்டாம். செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்குறவங்க மாடல் நம்பரை ரீகால் லிஸ்ட்ல பாத்துட்டு வாங்குங்க, தீப்பிடிக்குற ஆபத்தால 2013-ல அமெரிக்காவுல 20 லட்சத்துக்கும் மேல டீஹியூமிடிஃபையர் திரும்பப் பெறப்பட்டிருக்கு.

எங்க வீடு நூறு வருஷப் பழசு, தனியா எதாவது கவனிக்கணுமா?

நிறைய இருக்கு. பழைய செங்கல், கருங்கல் சுவரு சுண்ணாம்புச் சாந்துல கட்டினது, அது மண்ணுலருந்து ஈரத்தை இழுத்து உள்பக்கமா வெளிய விட்டு விட்டு பழகின சுவர். அது மேல நேரா சிமென்ட்டோ தண்ணி புகாத பெயிண்ட்டோ ஃபோமோ அடிச்சு மூடினா ஈரம் வெளிய வர வழியில்லாம மேல ஏறும், மேல சட்டத்தோட முனை சுவருக்குள்ள உக்காந்திருக்கும், அது ஊறும். அந்த மாதிரி சுவர்ல ஷீட்டை சுவர் வரைக்கும் ஏத்தி, சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவுல வர்ற ஈரம் கீழ வடியுற மாதிரி விடுறது, சட்டத்து முனையை திறந்தே வைக்குறது, மீதி ஈரத்தை டீஹியூமிடிஃபையர் எடுக்கட்டும்னு விடுறதுதான் பாதுகாப்பு. சாந்து உதிர்ந்த இடத்துல திரும்ப சுண்ணாம்புச் சாந்துதான் பூசணும்.

பழைய டக்ட், பைப்பு மேல வெள்ளையா சாம்பல் கலர்ல சுத்தியிருக்குறது ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம், தொடாதீங்க, பிய்க்காதீங்க, முதல்ல டெஸ்ட். பீங்கான் குமிழ் மேல ஓடுற பழைய வயரிங் இருந்தா அது மேல இன்சுலேஷனோ ஷீட்டோ படக்கூடாது, மாத்திட்டு வேலை ஆரம்பிங்க. சட்டத்துக்கு நடுவுல தொங்குற பழைய கண்ணாடிப் பஞ்சு இன்சுலேஷன் ஈரம் குடிச்சு எலி கூடு கட்டியிருக்கும், எடுத்துடலாம், ஆனா எலிப் புழுக்கையை காய்ஞ்சபடியே பெருக்காதீங்க, கிருமிநாசினி தெளிச்சு நனைச்சுட்டு மாஸ்க் போட்டு அள்ளுங்க.

மரத்தை வேகமா காய வைக்காதீங்க. பல வருஷமா ஊறின மரத்தை ஒரே வாரத்துல 85%லருந்து 45%க்கு இறக்குனா சட்டம் சுருங்கும், ஆணி முனகும், மேல சுவர் பூச்சுல விரிசல் விடும், தரைப் பலகை நடுவுல இடைவெளி தெரியும். முதல்ல 70, ரெண்டு வாரம் கழிச்சு 65, அப்புறம் 60, இப்படி படிப்படியா இறக்குங்க. ஊசி மீட்டர்ல மரம் 15%க்கு கீழ வந்து நிக்க ரெண்டு மூணு மாசம்கூட ஆகலாம், அவசரப்பட வேண்டாம்.

மேல மரத்தரை பலகை ஓரம் தூக்கி நடுவுல பள்ளமா இருக்கு, சரியாயிடுமா?

அடிப்பக்கம் ஈரம் குடிச்சு விரிஞ்சு, மேல்பக்கம் காய்ஞ்சு இருந்தா அப்படித்தான் வளையும். கீழ காய்ஞ்சதும் பல தரைகள் பெருமளவு படிஞ்சிடும். முழுக்க காயுறதுக்கு முன்னாடி தேய்ச்சு சமமாக்கிடாதீங்க, தேய்ச்ச பிறகு பலகை படியும்போது ஓரம் கீழ போய் நடு மேடாயிடும், அதுக்கு அப்புறம் வழியில்ல.

சட்டத்துல பூஞ்சை இருக்கு, மெஷின் போட்டா செத்துடுமா?

வளர்றது நிக்கும், காணாமப் போகாது. செத்த பூஞ்சைகூட அலர்ஜி கிளப்பும். மூணடிக்கு மூணடி அளவுக்குள்ளன்னா என்95 மாஸ்க், கண்ணாடி, கையுறை போட்டுக்கிட்டு நீங்களே பண்ணலாம், ஹெப்பா ஃபில்டர் (ரொம்ப நுண்ணிய தூசியையும் பிடிக்குற ஃபில்டர்) வச்ச வேக்குவம்ல உறிஞ்சி, சோப்புத் தண்ணில பிரஷ் போட்டு தேய்ச்சு, காய விடுங்க. பிளீச் மரத்துக்கு உதவாது, கலர் போகும், ஊறின பூஞ்சை உள்ள இருக்கும், கூடவே தண்ணியும் மரத்துக்குள்ள போகும். பெரிய பரப்புன்னா தெரிஞ்சவங்களை கூப்பிடுங்க.

மெஷின் நிக்காம ஓடிட்டே இருக்கு, ஏன்?

முதல் ரெண்டு மூணு வாரம் அப்படித்தான் ஓடும், மரத்துல ஊறினது வெளிய வருது. அதுக்கு மேலயும் நிக்கலைனா, ஹோஸ் முனையில ஒரு வாளி வச்சு ஒரு நாள் தண்ணியை அளந்து பாருங்க. தண்ணி நிறைய வருதுன்னா மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஈரம் எங்கயோ உள்ள வருது, உள்ள நுழையுற கதவு இடுக்கு, ஷீட் கிழிசல், அடைக்காத வெண்ட், கழண்ட டிரையர் குழாய்னு திரும்பத் தேடுங்க. தண்ணியே வரலைனா ஃபில்டர் அடைச்சிருக்கு, காயில்ல பனி பிடிச்சிருக்கு, இல்லைனா மெஷினுக்குள்ள காயிலைக் குளிர வைக்குற கேஸ் கசிஞ்சு போயிடுச்சு.

ஏசி டக்ட்ல ஓட்டை இருக்கான்னும் பாருங்க. கிரால் ஸ்பேஸ் 22 டிகிரி 60%ல இருந்தாக்கூட அந்தக் காத்தோட டியூ பாயிண்ட் 14 டிகிரி, ஏசி டக்ட்ல வர்ற காத்து அதை விடக் குளிர்ச்சியா இருக்கலாம், இன்சுலேஷன் பிய்ஞ்ச இடத்துல சொட்டிட்டே இருக்கும். அதை சுத்திக் கட்டினாலே பாதி சொட்டு நிக்கும்.

கரண்ட் எவ்வளவு ஆகும்?

600 வாட் மெஷின் நாள் முழுக்க நிக்காம ஓடுனா 14 யூனிட்டுக்கு மேல. நல்லா அடைச்ச இடத்துல அது ஒரு நாள்ல சில மணி நேரம்தான் ஓடும், குளிர் காலத்துல பல நாள் ஆன் ஆகவே ஆகாது. வாங்கும்போது ஒரு யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் எடுக்குதுன்னு பாருங்க, 1.5 லிட்டர் எடுக்குறதும் இருக்கு, 2.5க்கு மேல எடுக்குறதும் இருக்கு, வருஷக்கணக்கா ஓடப்போற மெஷின்ல அந்த வித்தியாசம் பெருசு. மெஷின் ஓடும்போது கீழ ரெண்டு மூணு டிகிரி சூடு ஏறும், பயப்பட வேண்டாம், ஒவ்வொரு லிட்டர் ஆவி தண்ணியாகும்போதும் சுமார் 0.7 யூனிட் வெப்பத்தை வெளிய விடும்.

மெஷின் இல்லாம வேற வழி இருக்கா?

இருக்கு. வீட்டுக்குள்ள ஏசியில காய்ஞ்ச காத்தை 50 சதுர அடிக்கு நிமிஷத்துக்கு 1 கன அடி கணக்குல கீழ விடலாம், இல்ல கீழருந்து அதே அளவு வெளிய இழுக்குற எக்ஸாஸ்ட் ஃபேன் வச்சு மேல இருந்து காத்து இறங்குற மாதிரி பண்ணலாம். ரெண்டுமே விதியில ஏத்துக்கிட்ட வழிதான், ஷீட்டும் அடைப்பும் அதுக்கும் வேணும். ஆனா ஏசி ஓடாத மழைக்காலத்துல, பழைய வீட்டுல, நான் மெஷினைத்தான் நம்புவேன், வெளிய என்ன வானிலையா இருந்தாலும் அது தன் வேலையைப் பாக்கும்.

போட்டாச்சு, இனி என்ன பராமரிப்பு?

மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஃபில்டர், ஹோஸ், பம்ப் பாசி. வருஷத்துக்கு ஒரு தடவை காயில்ல படிஞ்ச தூசி, ஷீட் டேப் விட்டிருக்கா, சட்டத்துல போன வருஷம் குத்தின அதே இடத்துல ஊசி மீட்டர் என்ன காட்டுது. குத்துற இடத்துல சாக்பீஸ்ல தேதியும் நம்பரும் எழுதி வைங்க, அடுத்த தடவை போகும்போது ஏறுதா இறங்குதான்னு அங்கயே தெரிஞ்சிடும். பெரிய மழைக்கு மறுநாள் ஒரு தடவை கண்டிப்பா டார்ச் அடிச்சுப் பாருங்க. கரண்ட் போய் வந்தா சில மாடல் தானா ஆன் ஆகாது, வாங்கும்போதே ஆட்டோ ரீஸ்டார்ட் இருக்கான்னு கேட்டு வாங்குங்க, ரிமோட் மீட்டர்ல 65% தாண்டினா போன்ல அலாரம் வர்ற மாதிரியும் வச்சுக்கோங்க.